தனபாலன் வீட்டு கேட்

கேட்டின் கீழ்க்கம்பியைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

அவன் வைத்த வெல்டிங்.

கடைசி வெல்டிங் பொட்டு வைத்ததும் இடப்பக்கம் லேசாக ஓர் இழுப்பு இழுப்பான். பழைய முதலாளியிடம் அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறான்.

இது போன மாதம் ஏஜென்சி ஷெட்டில் வைத்த டெஸ்டில் இழுத்தது. குவைத் கம்பெனிக்காரர்கள் பார்த்து ஆள் எடுப்பார்கள் என்றார் ஏஜென்ட் தனபாலன்.

அது குவைத்துக்குப் போகவில்லை. தனபாலனின் புது வீட்டுக்கு வந்திருக்கிறது.

அடுத்த கம்பியில் வேறொருவன் கை. அதற்கடுத்ததில் இன்னொருவன். வெயிலில் வரிசையில் நின்று, கட்டிவந்த புளிச்சோற்றைத் தின்று, நன்றாகச் செய்திருக்கிறேன் என்று வீட்டுக்குப் போன் போட்டவர்கள். ஒருவனும் விமானம் ஏறவில்லை.

ஓசியில் வேலை வாங்குவதற்கு டெஸ்ட் என்று ஒரு பெயர். த்தூ.

"இது ரெண்டாவது டெஸ்ட் தம்பி. மாட்டி, கொண்டி வச்சுக் குடு. சைட்ல நீ எப்படி வேலை செய்றேன்னு பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டு தனபாலன் உள்ளே போயிருந்தார்.

விசா அடிக்க வேண்டுமென்று முதல் நாளே அவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். கேட்டால் எம்பசியில் இருக்கிறது என்பார். காலையில் மெஷினுக்கு வயர் சொருக உள்ளே போனபோது அலமாரி திறந்திருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக எல்லோருடையதும் இருந்தது.



கம்பிகளைப் போட்டோ எடுத்தான். டெஸ்டுக்கு வந்தவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டான். எந்தத் தெரு என்றும் எழுதினான்.

பிறகு கேட்டை மாட்டி முடித்து, மெஷினோடு தெருப்பக்கம் வந்து நின்று அதைச் சாத்தினான்.

மதில் உயரம். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. வேறு வாசல் இல்லை.

முகமூடியை இறக்கினான்.

இரண்டு கதவும் சேரும் இடத்தில் மேலே ஒரு பொட்டு. நடுவில் ஒன்று. கீழே ஒன்று.

இடப்பக்கம் ஓர் இழுப்பு.

உள்ளே கார் ஹாரன் அடித்தது. தனபாலன் இறங்கி வந்து கேட்டை உலுக்கினார். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன செய்ய, வேலை முடிந்துவிட்டது.

அவன் முகமூடியைத் தூக்கினான்.

"பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க சார். எல்லாரோடதும்."

தெருமுனையில் முதல் பைக் திரும்பியது.