பஞ்சு மெத்தையின் குழிகள்

பெரியவர்கள் கட்டிலுக்குப் புதிதாக ஒரு ஃபோம் மெத்தை வந்த நாளிலிருந்து, பழைய பஞ்சு மெத்தைக்குத் தன் உடம்பே பிடிக்காமல் போயிற்று. புதுசு வழவழவென்று இருந்தது. தன் மேலேயோ, நூல் இழுத்து முடிச்சுப் போட்ட இடமெல்லாம் குழி. இடையில் பஞ்சு பிதுங்கி மேடு. ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரிந்து தொலைத்தது.

போதாததற்கு, அதில் தூங்கும் சிறுமி நிறைமதி தினமும் ஓரத்துக் குழி ஒன்றில் விரலை விட்டுத் துழாவுவாள். இவளும் என் குறையைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று மெத்தை கூசிப்போகும்.

"மேலே ஒரு விரிப்பைப் போட்டா அவ்வளவா தெரியாது," என்றது நூல். "நான் இழுத்துப் பிடிக்கலைன்னா உன் பஞ்சு ஒரு இடத்துல நிக்காதும்மா."

மெத்தை காதில் வாங்கவில்லை. கட்டிலுக்கடியில் திரிந்த எலியைக் கூப்பிட்டது.

"அண்ணே, இந்த முடிச்சையெல்லாம் கடிச்சு விட்டுடுங்க."

எலிக்கு என்ன போச்சு? ஒன்று விடாமல் கடித்துப் போட்டது. குழிகள் மறைந்தன. மெத்தை பூரித்துப் போயிற்று.

மதியம் நிறைமதி வந்து படுத்தாள். விரல் ஓரத்தைத் தேடியது. இங்கே தடவினாள், அங்கே தடவினாள். உதடு பிதுங்கியது.

"அம்மா, என் குழியைக் காணோம்மா. எனக்குத் தூக்கமே வராது."

அவள் அழ அழ, மெத்தை தன்னால் ஆனமட்டும் உள்வாங்கிப் பார்த்தது, ஒரே ஒரு குழிக்காக.

இழுத்துப் பிடிக்க நூல் இல்லை.