மாதப் பெட்டி

வேற்று மொழி படிக்கிறேன் பேர்வழி என்று கணவர் சொல் அட்டைகளோடு குடித்தனம் நடத்தினார். சரியாகப் பதில் சொன்ன அட்டை மாதப் பெட்டிக்குப் போகும். அடுத்த மாதம்தான் முகம் காட்டும். தப்பாகச் சொன்னது தினமும் வரும்.

அன்று காலை ஓர் அட்டையில் மனைவியின் கையெழுத்து: ‘சமையலறையில் மூன்று மாதமாக எது ஒழுகுகிறது?’

“குழாய்! இது தெரியாதா எனக்கு?” என்று அதையும் பெருமையாக மாதப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பினால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

“யாரு?”

“உன் புருஷன்தான்!”

“சரியான பதில். அடுத்த மாசம் வாங்க.”

மனிதர் வாசற்படியில் உட்கார்ந்தார். கொசுக்கடி தாங்காமல் மறுபடி தட்டினார்.

“யாரு?”

“குழாய் ரிப்பேர் பண்றவன்!”

கதவு படாரென்று திறந்தது.

“தப்பு. இனிமே நீங்க தினமும் வரலாம்” என்று ஸ்பானரை நீட்டினாள்.