தேடுகிறவர்களுக்கு மட்டும்

சவப்பெட்டிக் கடைக்காரர் ஒரு மாதமாக, இணையத்தில் விளம்பரம் செய்வது எப்படி என்று இலவச வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் காட்டிக் காசைக் கரைக்காதீங்க. தேவைப்பட்டுத் தேடுறவங்க கண்ணுல மட்டும் பட்டாப் போதும்" என்றார் வீடியோ ஆசிரியர்.

தன்னிடம் வருகிறவர்கள் அதற்கு முன் எதைத் தேடியிருப்பார்கள் என்று கடைக்காரர் யோசித்தார். ஒரே ஒரு தேடல் வரியைக் கொடுத்து, அதைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி விளம்பரத்தை ஓடவிட்டார். நாலே நாளில் ஏழு பேர் அழைத்தார்கள்.

சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொன்னார்.

"தெரியுமே. என் போன்லயும் உங்க விளம்பரம்தான் வந்துட்டே இருக்கு" என்று அவள் சிரித்தாள். "கட்டின பொண்டாட்டிக்கே பெட்டி விக்கப் பாக்குறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

"உன் போனை வேற யாராவது எடுத்தாங்களா?"

"யார் எடுக்கப் போறா? ஏன்?"

அவர் கொடுத்திருந்த வரி, 'புற்றுநோய் முற்றினால் எத்தனை மாதம் இருக்கலாம்' என்பது.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "டாக்டர் எப்போ சொன்னார்?" என்று கேட்டார்.

மனைவி தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மூணு வாரமாச்சு. கடை இப்பதான் சூடு பிடிக்குது, அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."