நாலு இஞ்ச் கம்மி

“நாலு இஞ்ச் வெட்டிடுங்கண்ணா. அப்பா வர்றதுக்குள்ள வெட்டிடுங்க.”

மெஹக் சொன்னதைக் கேட்டதும் சூரியபிரகாஷ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். ஆம்பூர் பைபாஸ் ஓரம் பழைய வண்டிகளுக்கென்றே ஒர்க்‌ஷாப் நடத்துபவன் அவன். எதிரே முக்தார் அகமதுவின் எழுபத்தொன்றாம் வருட ஜாவா பைக் நின்றுகொண்டிருந்தது. அவருடைய மகள்தான் மெஹக். ஷூ கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

ஜாவாவின் முகத்தில் புதிதாக ஒரு ஃபேரிங் ஏறியிருந்தது. நெடுந்தூரம் போகும்போது காற்று மார்பில் அறையாமல் தடுக்கிற கவசம் அது. மேல்பாதி கண்ணாடி மாதிரி அக்ரிலிக். வண்டியில் ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது, ஊருக்குள் ஓட்டும்போது கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது முக்தாரின் கண்டிப்பு. கிளாம்ப் பட்டு பெயிண்ட் உரசாமல் இருக்க, உள்ளே தோல் துண்டு வைத்துப் பூட்டியிருந்தான் சூர்யா.

“பாய் என்னைக் கொன்னுடுவாரும்மா. மாட்டி மட்டும் வெய்யி, கண்ணாடி எவ்ளோ உயரம்னு நான் நேர்ல வந்து சொல்றேன்னாரு. வெட்டிட்டா அப்புறம் ஒட்ட வெக்க முடியாது.”

“அதுக்குத்தான் வெட்ட சொல்றேன். உயரம் கம்மியானா இன்னா ஆவும்?”

“அவரு நெட்டையான ஆளு. காத்து நேரா மூஞ்சில அடிக்கும். ஒரு மணி நேரத்துல தலைவலி பின்னி எடுத்துடும்.”

“அப்ப கிருஷ்ணகிரி தாண்ட மாட்டாரு. திரும்பி வந்துடுவாரு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு ஸ்டென்ட் வெச்ச உடம்புண்ணா. லடாக்ல சின்னப் பசங்களுக்கே மூச்சு முட்டுமாம். வீட்ல எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம். ‘வண்டி லடாக் போவுது, அவ்ளோதான்’னு வாயை அடைச்சிடறாரு. நீங்க ஒருத்தர்தாண்ணா அவரை நிறுத்த முடியும்.”

முக்தார் பாய் சொல்லாமல் அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட சூர்யா மாற்றியதில்லை. ஆனால் மனுஷன் எங்கேயோ மலைமேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், ஃபேரிங் மாட்டி வழியனுப்பிய பாவம் யாரைச் சேரும்? சபித்துக்கொண்டே வெட்டுகிற மிஷினை எடுத்தான். தன்னையா, அவளையா, அவரையா என்று அவனுக்கே தெரியவில்லை.

வெட்டி, விளிம்பைத் தேய்த்து முடிக்கவும் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

முக்தார் இறங்கினார். மகளை ஒரு பார்வை பார்த்தார். நேராக வண்டியிடம் போனார்.

தோல் ஃபேக்டரியில் தரம் பிரிப்பவர் அவர். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட விரலால் தடவியே சொல்லிவிடுவார். அந்த விரல் இப்போது அக்ரிலிக்கின் மேல்விளிம்பில் மெதுவாக நகர்ந்தது.

“சூடே இன்னும் ஆறல,” என்றார் முக்தார். “நான் வர்றதுக்குள்ள யாரு வெட்ட சொன்னது?”

“கை தவறி... பாய்...”

“கை தவறினா இவ்ளோ நேரா வெட்டுமா?”

மெஹக் உருதுவில் ஏதோ படபடவென்று ஆரம்பித்தாள். முக்தார் கையை உயர்த்தினார்.

“தமிழ்லயே சொல்லு. வெட்டினவனுக்கும் புரியட்டும்.”

“நான்தான் சொன்னேன்!” அவள் கத்தியேவிட்டாள். “ஐசியூ வாசல்ல ராத்திரி பகலா உக்காந்தவ நானு. போன வருஷம் இதே ஜாவாவுல, தோஸ்துங்களோட லடாக் போறதுக்கு லீவ் வாங்கி, பேக் எல்லாம் கட்டி வெச்சிட்டு, உங்களுக்காகப் போவாம நின்னவளும் நானு. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினேனா? இப்ப நீங்க போய் மலைமேல விழுந்து கெடந்தா நான் இன்னா பண்ணுவேன்பா?”

பைபாஸில் ஒரு டிரெய்லர் லாரி தரை அதிரக் கடந்து போனது. முக்தாரின் தாடை இறுகியிருந்தது. இந்தக் கிராக்கி இன்றோடு போச்சு என்று சூர்யா முடிவே கட்டிவிட்டான்.

“ஏறி உக்காரு,” என்றார் முக்தார்.

“எதுக்கு?”

“உக்காருன்னு சொல்றேன்ல?”

அந்தக் குரலுக்கு மெஹக் பயந்துவிட்டாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாவாவின் மேல் ஏறினாள்.

“முதுகை நிமித்து. ஹேண்டில் பாரைப் பிடி. அழாம நேரா ரோட்டைப் பாரு.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னால் சிரமப்பட்டுக் குனிந்தார். அக்ரிலிக் வழியாக மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சூர்யாவின் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை உருவி, விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டார்.

“இன்னும் அரை இஞ்ச் எடு சூர்யா,” என்றார் முக்தார். “லடாக் போறவளுக்குக் கண்ணை மறைக்குது.”