மீதியை வெள்ளித்திரையில் காண்க

கட்டின புருஷன் கட்டிலில் கிடக்கிறான். பெண்டாட்டி சனிக்கிழமை தவறாமல் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிறாள். அந்தக் கோடைக்குத் தக்கலையில் பேச இதற்கு மேல் என்ன வேண்டும்?

சத்தியபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலிக்கு அந்தப்புறம்தான் அவர்கள் வீடு, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தப் புருஷன் தங்கையன் நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன்தான். மழை தொடங்குகிறவரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

போதாததற்கு, அவர்கள் கிறிஸ்தவ சபையில் சினிமா கூடாது. பார்த்தது தெரிந்தால் இராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது. படம் ஓட்டுகிறவனைப் பிழைப்பு என்று மன்னித்த சபை, பார்க்கிறவளை மன்னிக்காது. அதுவும் சத்தியபாய் பெண்கள் சங்கத் தலைவியாக இருக்கும்வரை.

"ஏட்டி எலிசா! சிங்காரிச்சிக்கிட்டு எங்க?"

"டூரிங் டாக்கீஸுக்கு அக்கா. படம் மாத்தியிருக்கான்."

"அவன் அங்க மூச்சுக்கு முட்டுகான், உனக்குப் படம் கேக்குதோ?"

"அவியதான் போகச் சொன்னாவ. பாத்துட்டு வந்து கதை சொல்லணுமாம்."

"நாளைக்குச் சபையில கேட்டா?"

"நீங்கதானே கேப்பிய? கேளுங்க."

வாயைப் பார்! கையும் களவுமாகப் பிடித்து சபை ஐயர் முன்னால் நிறுத்துகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள் சத்தியபாய்.

விளக்கு வைக்கும் நேரம். கொட்டகை வாசலில் ரிக்கார்டு அலறியது. எலிசா வாசலில் ஒரு பாட்டுப் புத்தகம் வாங்கினாள். உள்ளே போகவில்லை. ரோட்டைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில், பக்கத்துக் கடை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"உள்ள போகலியாட்டி?"

எலிசா பதறி எழுந்தாள். முகம் செத்துவிட்டது.

"கொட்டகைக்குள்ள கால் வைக்கமாட்டேன்னு சபையில திடப்படுத்தல் எடுத்தப்போ ஜெபம் பண்ணினவளாக்கும் அக்கா நான். ஒரு நாளும் போனதில்ல."

"அப்ப இத்தனை வாரமா அவனுக்கு என்ன கதை சொன்ன?"

"பாட்டுப் புஸ்தகத்துல பாதிக் கதை போட்டிருக்கான்லா?"

சத்தியபாய் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். கதைச் சுருக்கம் ஒரு பக்கம் விறுவிறுவென்று ஓடி, கதாநாயகன் வைத்தியர் கைவிட்டு மூச்சு வாங்கும் இடத்தில் நின்றது. கீழே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'.

"மீதிக்கு என்ன செய்வ?"

"வேதப்புஸ்தகம் இருக்கே அக்கா."

"என்னது!"

"போன வாரம் ஒருத்தன் வீட்ட விட்டு ஓடிப் போனான். கெட்ட குமாரன வச்சு முடிச்சேன், அப்பன் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுட்டாரு. அதுக்கு முந்தி அண்ணன் தம்பி சண்டை. அதுக்கு யோசேப்பு."

"இதுக்கு?"

எலிசா புத்தகத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"செத்து எழும்புன லாசரு."

சத்தியபாய்க்குச் சிரிப்பு முட்டியது. கான்வென்டில் படித்தவள், அடக்கிக்கொண்டாள்.

"சீக்காளிகிட்டப் பொய் சொல்லுகதுக்கு வேதம்தான் கிடைச்சுதா உனக்கு?"

"எப்பவும், 'நான் போயிட்டா நீ என்ன செய்வ'ன்னுதான் கேட்டுக்கிட்டுக் கெடப்பாவ அக்கா. கதை கேக்க நேரம் மட்டும்தான், 'பெறகு? பெறகு?'ம்பாவ." எலிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிராதிய."

சத்தியபாய் வாக்குக் கொடுக்கவில்லை. பொய்க்கு உடந்தையாக இருக்கக் கன்னியாஸ்திரிகள் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தவிர, ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைப் படியில் இவளைப் பார்த்த எவனாவது வந்து சொல்லி தங்கையன் நெஞ்சு அதிர்வதைவிட, பக்குவமாக நாமே சொல்லிவிடலாம் என்று மறுநாள் ஆராதனை முடிந்ததும் நேராகப் போனாள்.

எலிசா கிணற்றடியில் இருந்தாள். தங்கையன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியிருந்தது.

"வாங்கக்கா! நேத்துப் படம் என்னா படம்! கல்லறை வரைக்கும் போனவன் எழும்பி வந்துட்டான். பொஞ்சாதி வாசல்ல நிக்கா, இவன் நடந்தே வாறான்!"

"தங்கையா, மனசைத் திடமா வச்சுக்கோ. ஒரு காரியம் சொல்லணும். எலிசா கொட்டகைக்குள்ள—"

"மெதுவாக்கா." அவன் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தான். "அவ காதுல விழுந்துரும்."

சத்தியபாய் குரலைத் தாழ்த்தினாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"டூரிங் கொட்டகைக்கு வாறது எல்லாம் நாகர்கோவில்ல ஓடித் தேஞ்ச படம்லா? நான் ஓட்டாத படமா இங்க வந்திரும்?"

"பெறகு எதுக்குடே அவளை வாராவாரம் அனுப்புக?"

கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது. தங்கையன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"நான் ஓட்டும்போது கடைசி ரீல்ல அவன் தினமும் செத்துப் போவான் அக்கா. இவதான் அவனை உயிரோட வீட்டுக்குக் கூட்டிட்டு வாறா."