ஜாடியில் ஊறிய பீர்

கோலி சோடா உடைக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதலில் ஒரு கீச்சு. பிறகு கண்ணாடிக் கழுத்துக்குள் கோலி விழும் கிணுக்.

எழுபத்தேழில், கோச்சடையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மறுபாதியிலிருந்து அது வரும். சத்தியசீலன் மில்லிலிருந்து சைக்கிளில் திரும்புவதற்குச் சற்று முன்னால். அவர் மனைவி ஆனிமேரி டீச்சருக்கு அஜீரணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அது மதுவிலக்குக் காலம். மில் விட்டதும் சத்தியசீலன் ஆற்றோரம் போய், கிடைத்ததைக் குடித்துவிட்டு வருவார். கூடக் குடித்த சிநேகிதர் காளைக்கு ஒருநாள் விடிந்தபோது இரண்டு கண்ணும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் சத்தியசீலன் போனார்.

அப்போதுதான் டீச்சரின் தம்பி லூர்துராஜ் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தான். பெட்டியில் வரிசையாகத் தகர டின்கள்.

“வீட்டுலயே பீர் காய்ச்சுற டின்னுக்கா. லண்டன்ல இப்ப இதுதான். விலை கூடுனதுல எல்லாம் உள்ளயே இருக்கும். இது மலிவு, சர்க்கரை நம்மதான் போடணும். தண்ணியக் கொதிக்கவச்சு இந்தப் பாகைக் கரைச்சு, ஆறுனதும் ஈஸ்ட்டைத் தூவி மூடி வச்சிரு. தானா நுரைச்சு வரும்.”

“மலிவுன்னா கண்ணு போயிராதே?”

“வெள்ளைக்காரனுக்கே போகலக்கா.”

சத்தியசீலனுக்கு வாயெல்லாம் பல். “மாப்ளன்னா நீதான்டா மாப்ள!”

“இனி ஆத்துப்பக்கம் போக மாட்டேன்னாத்தான் காய்ச்சுவேன்” என்றார் டீச்சர்.

“நான் எதுக்குப் போறேன்? லண்டனே வீட்டுக்குள்ள வந்துருச்சே!”

ஊறுகாய் ஜாடி, வாயில் துணியால் வேடு கட்டிச் சமையலறை மூலைக்குப் போனது. பீர் தயார் என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து, தினமும் ஒரு பெரிய டம்ளர், நுரை ததும்ப. குடித்துவிட்டுச் சத்தியசீலன் மாதா பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

விஷயம் குழாயடிக்குப் போயிற்று.

“பகல்ல பள்ளிக்கூடம், பொழுது சாஞ்சா சாராயக்கடையா டீச்சர்? எம்புட்டுப் படிச்சு என்ன!” என்றாள் எதிர்வீட்டு ரெங்கம்மாள்.

டீச்சர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் உறைமோர் கேட்டு உள்ளே போனேன். டீச்சர் டின்னிலிருந்து இரண்டு கரண்டிப் பாகை டம்ளரில் விட்டு, அதன்மேல் கோலி சோடாவைச் சரித்துக்கொண்டிருந்தார்.

“ஜாடியிலிருந்து எடுக்கவில்லையா?”

அவர் ஜாடி வாயின் துணியை அவிழ்த்துக் காட்டினார். ஜாடியில் பச்சைத் தண்ணீர். பக்கத்தில், பிரிக்காத ஈஸ்ட் பொட்டலங்கள்.

“ஈஸ்ட்டைப் போட்டாத்தானக்கா பீரு? இதுல போதை கிடையாது. கசக்குது, நுரைக்குது, அம்புட்டுத்தான். இவுக பீருன்னு நெனச்சுக் குடிக்கிறாக. தெரிஞ்சா மறுபடி ஆத்தோரம் போயிருவாக.”

“ரெங்கம்மாளிடமாவது சொல்லக் கூடாதா?”

“அவ வாய்ல போட்டா இவுக காதுக்கு வர எம்புட்டு நேரமாகும்?”

பேச்சு அதற்குள் வேறு காதுக்குப் போயிருந்தது. பள்ளியின் தாளாளரான பங்குச்சாமியார் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். பக்கத்து வீடு என்று என்னையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். சத்தியசீலன் கையில் டம்ளர்.

“பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்ற டீச்சர் வீட்டுல பீர் காய்ச்சுறதா புகார் வந்திருக்கு. டம்ளர்ல இருக்கது என்னம்மா?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

“பீர்தான் சாமி.”

“வேலை போயிரும், தெரியுமா?”

“தெரியும் சாமி.”

சத்தியசீலன் தள்ளாடி எழுந்தார். டம்ளரைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கவிழ்த்தார்.

“நான் கேட்டுத்தான் சாமி செஞ்சா. அவ வேலையில கை வைக்காதீங்க. மாதா மேல சத்தியம், இன்னையோட குடியை விட்டுட்டேன்.”

 சாமியார் எழுந்தார். “இனி ஒரு புகார் வரக் கூடாது. மிச்ச டின்னைக் குடு. நானே அழிச்சிர்றேன்.” ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார்.

டீச்சர் உள்ளே போய் அழுதார். சந்தோஷ அழுகைதான்.

வாசலில் சத்தியசீலன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால் நடுங்கவில்லை.

“சத்தியம் செய்துவிட்டீர்கள். நிஜமாகவே விட்டுவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“விட்டு நாளாச்சுக்கா. அது வெறும் பாகுன்னு மொத டம்ளர்லயே தெரியும். சாராயம் குடிச்ச நாக்கு, ஏமாறுமா?”

“அப்புறம் அந்தத் தள்ளாட்டம்?”

“மொதல்ல நெசம். குடி இல்லாம கை காலெல்லாம் ஆடுச்சு. அப்புறம் நானா ஆடுனேன். பொய்யே சொல்லத் தெரியாதவ, எனக்காக ஒண்ணு சொல்லியிருக்கா. அது பலிக்காமப் போயிரக் கூடாதுல்ல?”

சத்தியசீலன் எண்பத்தாறில் நெஞ்சுவலியில் இறந்தார். வருஷா வருஷம் அவருக்குப் பூசை வைத்துவிட்டு வரும்போதெல்லாம், “ஏமாத்துனதுக்கு மன்னிச்சிருங்கன்னு இவுககிட்ட இந்தத் தடவையும் கேட்டுக்கிட்டேன்க்கா” என்பார் டீச்சர்.