முன்னூற்று நாற்பத்தோராம் பக்கம்

நாவலின் முதல் பாகம் 340ஆம் பக்கத்தில் முடியும். இளவரசி சிறகு முளைத்த திமிங்கிலத்தில் ஏறிக் கோட்டையை விட்டுத் தப்பிப் போவாள். கம்பஸில் படிக்கும்போது அதை நான்கு தரம் வாசித்தேன். இரண்டாம் பாகத்தில் அவள் தானாகவே கோட்டைக்குத் திரும்பி வருகிறாள். ஏன் என்று எழுதியவர் சொல்லவே இல்லை. எழுத்து என்னவோ அருமைதான். அதனாலேயே ஆத்திரம் கூடியது.

"புத்தகத்த வெச்சிட்டு சாரிய உடுத்து ஜுமானா. கலியாணக் காவின் எழுத ஆக்கள் வந்துட்டாங்க," என்றார் உம்மா.

"நான் ஓம் சொல்லல்லயே."

"ஒன்ட ஓம யாரு கேட்ட? வாப்பா கையெழுத்து வெச்சா சரி. பட்டம் எடுத்த புள்ளைக்கி இது தெரியாதா?"

உம்மா அறைக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

இளவரசி தப்பிக்கும் இடத்தை இன்னொரு தரம் வாசிக்கலாம் என்று முதல் பாகத்தை எடுத்தேன். 340க்கு அடுத்து 341 இருந்தது. திமிங்கிலம் முற்றத்தில் காத்துக் கிடந்தது. 'அவளுக்காக அவளுடைய வாப்பா கையெழுத்து வைத்துவிட்டார். ஆகவே அவள் இறங்கி உள்ளே போனாள்' என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே என் வாப்பாவின் கையெழுத்து. தொட்டேன், விரலில் மை ஒட்டியது.

முன்னறையில் காவின் எழுத வந்த மௌலவியிடம் வாப்பா கேட்கும் குரல் வந்தது.

"ஹஸரத், நான் எந்த இடத்துல கையெழுத்து வெக்கிற?"